உங்கள் லேப்டாப்பை ஆளும் ‘கவர்னர்’!

பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டாயிற்று. ஆனால், பேட்டரி நிற்கவில்லை... அல்லது வேகம் இல்லை. காரணம் எங்கே இருக்கிறது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால், ‘உன் பிராசஸர் பழசு’ என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. புது லேப்டாப் வாங்கலாம் என்றால் பிள்ளைகளின் ஃபீஸ் கட்டும் மாதம். இந்த நிலையில் பல வீடுகளில் எடுக்கப்படும் முடிவு, ‘லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமே!’ என்பதுதான்.

நல்ல முடிவு. காசு செலவில்லை. தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அந்நியமும் இல்லை. 2011-ல் அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம்தான்.

லினக்ஸ் போட்டு ஒரு வாரம் ஆனதும் வீட்டில் இரண்டில் ஒரு புகார் கிளம்பும். ‘சார்ஜரைப் பிடுங்கினா ரெண்டு மணி நேரம்கூட நிக்க மாட்டேங்குது’ என்பது ஒன்று. ‘பேட்டரி நிக்குது, ஆனா மாட்டு வண்டி மாதிரி போகுது’ என்பது இன்னொன்று. இரண்டும் நேரெதிர்ப் புகார்கள்போலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே. பிராசஸர் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், எவ்வளவு மின்சாரம் தின்ன வேண்டும் என்று முடிவு செய்யும் அமைப்பு அது. யாரும் தொடாமலேயே, இன்ஸ்டால் செய்த நாளிலிருந்து, ‘டீஃபால்ட்’டாக அது ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அது என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால், வீணாகப் புது லேப்டாப் வாங்கும் செலவைக்கூடத் தள்ளிப்போட முடியும்.

ஸ்கூல் வேனில் இருப்பதும் இதுதான்!

லினக்ஸில் இந்த அமைப்புக்குப் பெயர் ‘கவர்னர்’. ராஜ்பவன் நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஸ்கூல் வேனிலும் லாரியிலும் ‘ஸ்பீடு கவர்னர்’ என்று ஒரு கருவி பொருத்துகிறார்களே, அந்த வம்சம். 1788-ல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜினில் சுழலும் இரண்டு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் குறைந்தால் சுருங்கி நீராவியைக் கூட்டும். அதற்கும் கவர்னர் என்றுதான் பெயர்.

லேப்டாப்பில் குண்டுகளுக்குப் பதிலாக ஒரு புரோகிராம். ‘இப்போது வேலை எவ்வளவு இருக்கிறது?’ என்று விநாடிக்குப் பல முறை பார்த்து, பிராசஸரின் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு கடிதத்தை டைப் செய்யும்போது, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே பிராசஸருக்குக் கிடைப்பது நீண்ட ஓய்வு. அந்த ஓய்விலும் உச்சவேகத்துக்குத் தயாராக நின்றால் பேட்டரி வீண், சூடு மிச்சம்.

இதைப் படித்துக்கொண்டிருப்பது ஆண்ட்ராய்டு போனில் என்றால், உங்கள் கையிலேயே ஒரு கவர்னர் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடித்தளமும் லினக்ஸ்தான்.

வேகம் கால்வாசி குறைந்தால், மின்சாரம் பாதி மிச்சம்

வேகத்தை பாதியாகக் குறைத்தால் மின்சாரமும் பாதியாகத்தானே குறையும்? இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். பிராசஸர் வேலை செய்யும்போது செலவாகும் மின்சக்தி, அதன் வேகத்தைப் பொறுத்தும் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தும் இருக்கிறது. வேகம் குறைந்தால் வோல்டேஜையும் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே, லாபம் இரட்டிப்பாகக் கிடைக்கிறது.

நிஜ உதாரணமே இருக்கிறது. 2000 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் ‘ஸ்பீடுஸ்டெப்’ என்ற வசதியுடன் லேப்டாப்களுக்கான பென்டியம் 3 பிராசஸரை வெளியிட்டது. சார்ஜரில் இருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ் வேகம், 1.6 வோல்ட். பேட்டரிக்கு மாறியதும் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். கணக்குப் போட்டால், வேகம் குறைவது 23 சதவிகிதம்தான். ஆனால், வேலை செய்யும்போது செலவாகும் மின்சக்தி சுமார் 45 சதவிகிதம் குறைகிறது.

அதே மாதத்தில் டிரான்ஸ்மெட்டா என்ற நிறுவனம் ‘குரூஸோ’ என்ற பிராசஸரை அறிமுகப்படுத்தியது. தேவைக்கேற்ப வேகத்தையும் வோல்டேஜையும் தானே மாற்றிக்கொள்வதுதான் அதன் பெருமை. அந்த நிறுவனத்தில் அப்போது சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்!

சிம்மில் வைத்தால் கேஸ் மிச்சமா?

‘அப்படியென்றால் பிராசஸரை எப்போதும் குறைந்த வேகத்திலேயே பூட்டிவைத்துவிட்டால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். சமையலறையில் இதற்குப் பதில் இருக்கிறது.

குக்கரில் அரிசியைப் போட்டு, ஆரம்பத்திலிருந்தே அடுப்பை சிம்மில் வைத்துப் பாருங்கள். விசில் வர ஒரு யுகம் ஆகும். அத்தனை நேரமும் அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். அனுபவப்பட்டவர்கள் அப்படிச் செய்வதில்லை. முதலில் நன்றாக எரியவிட்டு, ஆவி கட்டியதும் சிம்முக்குக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடுவார்கள்.

பிராசஸரும் அப்படித்தான். வேலை இல்லாத நொடிகளில் அது வெறுமனே மெதுவாக ஓடுவதில்லை. தன் பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும். ஆழ்ந்து தூங்கும்போதுதான் நிஜமான சேமிப்பு. ஒரு வெப்சைட்டைத் திறக்கும் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கப் போவது பல நேரங்களில் சிக்கனம். அதே வேலையை ஆமை வேகத்தில் இழுத்தடித்தால், பிராசஸர் மட்டுமல்ல, மெமரி, அதைச் சுற்றியுள்ள சர்க்யூட் எல்லாமே அவ்வளவு நேரமும் விழித்திருக்க வேண்டும். நீங்களும் திரையைப் பார்த்தபடி காத்திருப்பீர்கள்; திரையும் மின்சாரம் தின்றுகொண்டிருக்கும்.

எப்போதும் முழுவேகம் என்பதும் தப்பு, எப்போதும் சிம் என்பதும் தப்பு. எந்த நொடியில் எது என்று முடிவு செய்வதுதான் கவர்னரின் சாமர்த்தியம்.

கவர்னர்கள் மாறிய கதை

லினக்ஸில் இந்தச் சாமர்த்தியம் மெல்ல மெல்லத்தான் வந்தது. 2004 அக்டோபரில் வெளியான 2.6.9 பதிப்பில் ‘ஆன்டிமாண்ட்’ என்ற கவர்னர் சேர்ந்தது. எழுதியவர் இன்டெல்லில் பணிபுரிந்த வெங்கடேஷ் பல்லிபாடி. வேலைப்பளு ஒரு எல்லையைத் தாண்டினால், படிப்படியாக ஏறாமல் ஒரே தாவலில் உச்சவேகத்துக்குப் போய்விடும். பளு குறைந்தால் இறங்கிவரும். பயன்படுத்துபவருக்கு வேகக் குறைவே தெரியக் கூடாது என்பது நோக்கம். பல ஆண்டுகளுக்கு லினக்ஸ் லேப்டாப்களில் இதன் ஆட்சிதான்.

உபுண்டுவில் ஒரு சின்ன ஏற்பாடும் நெடுநாள் இருந்தது. லேப்டாப்பை ஆன் செய்ததும் முழுவேகத்தில் கிளம்பவிட்டு, 60 விநாடிகள் காத்திருந்து, அதன் பிறகே கவர்னரை ஆன்டிமாண்டுக்கு மாற்றும். ‘கிளம்பும்போது கஞ்சத்தனம் வேண்டாம்’ என்ற நல்லெண்ணம்.

2013-ல் இன்டெல் பிராசஸர்களுக்கென்றே ‘இன்டெல் பி-ஸ்டேட்’ என்ற தனி டிரைவர் வந்தது. 2015-ல் வந்த ஸ்கைலேக் வகை பிராசஸர்களிலிருந்து நிலைமை இன்னும் மாறியது. வேகத்தை ஏற்றி இறக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் பிராசஸரே எடுத்துக்கொண்டது. லினக்ஸ் செய்வதெல்லாம், ‘இன்று வேகம் முக்கியம்’ அல்லது ‘இன்று சிக்கனம் முக்கியம்’ என்று ஒரு குறிப்பு கொடுப்பதுதான். 2016-ல் ‘ஷெட்யூட்டில்’ என்ற கவர்னர் வந்தது. எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் லினக்ஸின் பகுதியிடமே நேரடியாகக் கேட்டு வேகத்தைத் தீர்மானிப்பது இதன் வழி. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இருப்பது இதுதான்.

ஏஎம்டி பிராசஸர் வைத்திருப்பவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய முறையில் ரைசன் லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் மூன்றே மூன்று வேகப் படிகள்தான் கிடைத்தன. 2022-ல் 5.17 பதிப்பில் ஏஎம்டிக்கென்று தனி டிரைவர் சேர்ந்தது. 2023-ல் 6.5 பதிப்பில்தான், ஜென் 2 முதலான பிராசஸர்களுக்கு அதன் முழு வடிவம் டீஃபால்ட் ஆனது. ஆகவே, ரைசன் லேப்டாப்பில் பழைய லினக்ஸ் பதிப்பை வைத்துக்கொண்டு ‘பேட்டரி நிற்கவில்லை’ என்று வருத்தப்படுபவர்களுக்கு முதல் மருந்து, புதிய பதிப்புக்கு மாறுவதுதான்.

ஒரே பெயர், இரண்டு அர்த்தம்

இனி, பலரைத் தடுக்கி விழவைக்கும் கல் எது என்று பார்ப்போம்.

லேப்டாப் கொஞ்சம் மெதுவாகத் தெரிந்ததும், விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பி உட்கார்ந்து உள்ளே நோண்டிப் பார்ப்பார். கவர்னர் என்ற இடத்தில் ‘பவர்சேவ்’ என்று இருக்கும். ‘அட, இதான் பிரச்னை! சேவிங் மோடுல கிடக்கு’ என்று ‘பெர்ஃபார்மன்ஸ்’ என மாற்றிவிட்டுப் போய்விடுவார். அன்று முதல் ஃபேன் அலறும், பேட்டரி கரையும்.

தம்பி மீது தப்பில்லை; பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம். லினக்ஸின் பொதுவான கவர்னர்களில் ‘பவர்சேவ்’ என்றால், பிராசஸரைக் குறைந்தபட்ச வேகத்திலேயே பூட்டிவைப்பது. ஆனால், இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் தன் முழு வடிவில் ஓடும்போது அதே ‘பவர்சேவ்’ என்ற பெயருக்கு அர்த்தமே வேறு. வேலை வந்தால் வேகம் ஏறும், வேலை போனால் இறங்கும். கிட்டத்தட்ட ஆன்டிமாண்ட் செய்யும் அதே வேலை. அதாவது, பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் ‘பவர்சேவ்’ என்று இருப்பது நோய் அல்ல. ஆரோக்கியமான, வழக்கமான நிலை.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கனமான வெப்சைட் ஒன்றைத் திறந்துகொண்டே பிராசஸரின் வேகத்தைக் கவனியுங்கள். வேகம் விறுவிறுவென்று ஏறி இறங்கினால் கவர்னர் சரியாக இருக்கிறார். என்ன வேலை கொடுத்தாலும் அடிமட்ட வேகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டுமே ஏதோ கோளாறு.

டீஃபால்ட் ஏன் தயங்குகிறது?

‘இன்னும் மின்சாரத்தை மிச்சப்படுத்த முடியும் என்றால் அதை ஏன் முதலிலேயே செய்து தருவதில்லை?’ நியாயமான கேள்வி. லினக்ஸ் ஓடுவது ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் அல்ல. ஆயிரக்கணக்கான மாடல்கள், அவற்றுக்குள் விதவிதமான பாகங்கள். ஒரு லேப்டாப்பில் அமிர்தமாக இருக்கும் அமைப்பு, இன்னொன்றில் விஷமாகலாம்.

2011 மார்ச்சில் வந்த 2.6.38 பதிப்பில் நடந்தது ஒரு பாடம். பிராசஸரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் தடத்துக்கும் தனியாக ஒரு மின்சேமிப்பு வசதி உண்டு. சில லேப்டாப்களின் பயாஸ், ‘இந்த வசதி எங்களிடம் இல்லை’ என்று லினக்ஸிடம் சொல்லும். ஆனால், அதே பயாஸ் அந்த வசதியைச் சில பாகங்களுக்குத் தானே போட்டும் வைத்திருக்கும். உண்மையில் அது சொல்லவந்தது, ‘நீ இதைத் தொடாதே’ என்பது. லினக்ஸ் புரிந்துகொண்டது, ‘இதை அணைத்துவிடு’ என்று. ஊருக்குப் போகும்போது ‘ஃபிரிட்ஜ் ஸ்விட்ச்சைத் தொடாதே’ என்று சொன்னால், அதை அணைத்துவிட்டு வருவதுபோல!

விளைவு, அப்டேட் செய்த பல லேப்டாப்களில் பேட்டரி முன்பைவிட வேகமாகத் தீர்ந்தது. விண்டோஸ் இதே சூழலில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து, ‘பயாஸ் வைத்தது வைத்தபடி இருக்கட்டும்’ என்று மாற்றி எழுதினார் மேத்யூ காரெட் என்ற டெவலப்பர். 2012 மார்ச்சில் வந்த 3.3 பதிப்பில் அந்தத் திருத்தம் சேர்ந்தது. ஒரு ஆண்டு முழுக்க, தங்கள் தப்பு எதுவுமே இல்லாமல் பலர் சார்ஜரைத் தேடி ஓடியிருக்கிறார்கள்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் தயக்கத்துக்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. டிஸ்க் இணைப்பில் மின்சாரத்தைக் கடுமையாகக் குறைத்தால், சில மாடல்களில் சேமித்த தகவலே பாழாகும் அபாயம் இருந்தது. பேட்டரி அரை மணி நேரம் கூடுதலாக நிற்பதற்காகக் குடும்பப் போட்டோக்களைப் பணயம் வைக்க யார் சம்மதிப்பார்கள்? பல ஆண்டுகள் அந்த வசதி டீஃபால்டாக அணைத்தே கிடந்தது. பிறகு, விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் நிலையை ஒட்டிய ஒரு பத்திரமான நடுவழி கண்டுபிடிக்கப்பட்டு, 2018-ல் ஃபெடோரா 28-ல் டீஃபால்ட் ஆனது. அந்த வேலையை முன்னின்று செய்தவர் ஹான்ஸ் டி கூட். இன்டெர்நெட்டில் கிடைக்கும் ‘பேட்டரியை இரட்டிப்பாக்கும் பத்து கட்டளைகள்’ வகை உபதேசங்களை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதற்கு முன், இந்தக் கதையை நினைத்துக்கொள்வது நல்லது.

மூன்று பட்டன் போதும்

இவ்வளவு நுணுக்கத்தையும் வீட்டில் எல்லோரும் கற்க வேண்டியதில்லை. 2021 முதல் முக்கியமான லினக்ஸ் வகைகளில் இவையெல்லாம் மூன்றே மூன்று தேர்வுகளாகச் சுருங்கிவிட்டன. உபுண்டு 22.04-லும் அதற்குப் பின்னர் வந்தவற்றிலும், செட்டிங்ஸில் ‘பவர்’ பகுதியில் ‘பவர் மோட்’ என்று இருக்கும். புதிய பதிப்புகளில் திரையின் வலது மேல் மூலையைத் தொட்டாலே தெரியும். கேடிஇ பயன்படுத்துபவர்களுக்கு, பேட்டரி ஐகானுக்குள். ஃபெடோரா தன் 41-ம் பதிப்பில் பின்னணியில் ஓடும் மென்பொருளை மாற்றியது. ஆனால், கண்ணுக்குத் தெரியும் தேர்வுகள் அதே மூன்றுதான்.

‘பேலன்ஸ்டு’: இதுதான் டீஃபால்ட். பெரும்பாலான நாள்களுக்கு இதுவே போதும். 2024-ல் வந்த மேம்பாட்டுக்குப் பிறகு, இன்டெல் லேப்டாப்களில் சார்ஜரைப் பிடுங்கினால் இதே மோட் தானாகவே சற்று சிக்கனப் பக்கம் சாயவும் கற்றுக்கொண்டிருக்கிறது.

‘பவர் சேவர்’: பயணம், கரன்ட் கட், படிப்பது, டைப் செய்வது போன்ற நேரங்களுக்கு. பேட்டரி மிகவும் குறைந்தால் லேப்டாப் தானாகவே இதற்கு மாறும் வசதியும் செட்டிங்ஸில் உண்டு. இங்கேதான் கவனம் தேவை. பயணத்தில் நீங்களே மாற்றிவிட்டு, வீடு திரும்பியதும் மறந்துவிட்டால், லேப்டாப் அந்தத் தேர்வை நினைவில் வைத்துக்கொண்டே இருக்கும். ‘ரெண்டு மாசமா ஸ்லோ’ என்ற புகார்களில் சில, இந்த ஒரு பட்டனில் தீர்ந்துவிடும்.

‘பெர்ஃபார்மன்ஸ்’: வீடியோ எடிட்டிங், பெரிய வேலைகள்... அதுவும் சார்ஜரில் இருக்கும்போது மட்டும். சில லேப்டாப்களில் இந்தத் தேர்வே காணப்படாது. வன்பொருளோ, அதன் டிரைவரோ அதை ஆதரிக்கவில்லை என்று அர்த்தம், லினக்ஸ் கெட்டுப்போகவில்லை. சில திங்க்பேட் மாடல்களில் இன்னொரு வேடிக்கை. மடியில் வைத்துக்கொண்டு பெர்ஃபார்மன்ஸ் போட்டால், உள்ளே இருக்கும் சென்சார் அதைக் கண்டுபிடித்து, தொடை சுடக் கூடாது என்று வேகத்தை மட்டுப்படுத்தும். மேஜையில் வைத்தால் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: இந்த வசதி இருக்கும்போதே, ‘டிஎல்பி’ போன்ற வேறொரு மின்சேமிப்பு மென்பொருளையும் சேர்த்து ஓடவிடாதீர்கள். டிஎல்பி நல்ல மென்பொருள்தான். ஆனால், ஒரே ஸ்டியரிங்கை இரண்டு டிரைவர்கள் பிடித்தால் வண்டி எங்கே போகும்? ஏதாவது ஒன்று மட்டும் போதும்.

கணக்கு பொய் சொல்லாது

மாற்றம் செய்தோமே, பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘கொஞ்சம் கூடுதலா நிக்கிற மாதிரி இருக்கு’ என்ற மனக்கணக்கு வேண்டாம். ‘பவர் ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்ற ஆப், லேப்டாப் இந்த நிமிடம் எத்தனை வாட் தின்கிறது என்று எண்ணிலேயே காட்டும். இன்டெல் 2007-ல் வெளியிட்ட ‘பவர்டாப்’ என்ற இலவச மென்பொருள், பிராசஸரை அடிக்கடி தட்டி எழுப்புவது எந்த புரோகிராம் என்றும் காட்டிக்கொடுக்கும்.

அதே ஆப்பில் பேட்டரியின் உண்மை நிலையும் தெரியும். புதிதாக வந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுதாக சார்ஜ் செய்தால் எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக, 50 வாட்-அவர் பேட்டரி தேய்ந்து 30 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 6 வாட்டில் ஓடும் லேப்டாப், முன்பு 8 மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கும். இப்போது 5 மணி நேரம். அதே லேப்டாப் 12 வாட்டில் ஓடினால் இரண்டரை மணி நேரம்தான். எனவே, முதல் எண்ணைப் பார்க்காமல் செட்டிங்ஸைத் திட்டுவதில் அர்த்தமில்லை. கொள்ளளவு பாதியாகிவிட்டது என்றால் தேவை புது பேட்டரி. அதன் விலை புது லேப்டாப்பின் விலையில் சிறு பகுதிதான்.

சோதிக்கும்போது ஒரே மாதிரி சூழல் முக்கியம். திரை வெளிச்சம் அதே அளவு, திறந்திருக்கும் டேப்கள் அதே, வைஃபை அதே. பத்து நிமிடம் ஒரு மோட், பத்து நிமிடம் இன்னொரு மோட். எது எத்தனை வாட் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பழி கவர்னருக்கு... குற்றவாளி வேறு!

எல்லாம் சரியாக இருந்தும் பிரச்னை தீரவில்லையா? இந்த நான்கையும் பாருங்கள்.

1. சார்ஜர்: ஒரிஜினல் சார்ஜர் பழுதாகி, மலிவாகக் கிடைத்த வேறொன்றை மாட்டியிருக்கிறீர்களா? சில லேப்டாப்கள், தங்களுக்கு அடையாளம் தெரியாத சார்ஜரை மாட்டினால் பிராசஸரைப் பாதுகாப்புக்காக அடிமட்ட வேகத்தில் கட்டிப்போட்டுவிடும். இது லினக்ஸுக்கும் கீழே, வன்பொருள் மட்டத்தில் நடப்பது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் அசையாது. சார்ஜரை மாற்றினால்தான் விடிவு.

2. தூசி: ஃபேனும் காற்று வெளியேறும் ஜன்னலும் அடைத்துக்கொண்டால் சூடு ஏறும். சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மெத்தை மேல் வைத்துப் படம் பார்க்கும் வீடுகளில் இது சர்வசாதாரணம்.

3. வீடியோ: யூடியூப் வீடியோவைப் பிரித்துக் காட்ட கிராபிக்ஸ் சிப்பில் தனிப் பகுதி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் பிராசஸரே அந்த வேலையைச் செய்தால் பேட்டரி காலி. லினக்ஸில் இது நெடுநாள் தலைவலி. இன்டெல் கிராபிக்ஸுக்கு, 2023 ஜூலையில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115 முதல் அந்தத் தனிப் பகுதியைப் பயன்படுத்துவது டீஃபால்ட் ஆனது. பழைய பிரவுசர் வைத்திருந்தால் அப்டேட் செய்யுங்கள்.

4. திரை: லேசான வேலைகளின்போது, லேப்டாப்பில் அதிகம் தின்னும் பாகம் பிராசஸராக இல்லாமல் திரையாகவே இருக்கலாம். பகலில் ஜன்னலோரம் வைத்த முழு வெளிச்சம், இரவு டியூப்லைட்டின் கீழும் அப்படியே இருக்க வேண்டுமா?

கடைக்காரர் ‘இது அவ்வளவுதான் சார், புதுசு பாருங்க’ என்று சொல்லும் லேப்டாப், ஒருவேளை யாரோ மறந்துவிட்ட பவர் சேவர் மோடில் கிடக்கலாம். அல்லது அரைகுறை சார்ஜரால் கட்டிப்போடப்பட்டிருக்கலாம். ஆன்லைன் வகுப்பின் நடுவே அணைந்துபோகும் லேப்டாப், பெர்ஃபார்மன்ஸ் மோடில் வீணாக உழைத்துக்கொண்டிருக்கலாம். பர்ஸைத் திறப்பதற்கு முன், முதலில் பவர் மோடைப் பாருங்கள், அடுத்து பேட்டரியின் இரண்டு எண்களை, பிறகு சார்ஜரை. மூன்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது. மூன்றும் சரியாக இருந்தும் லேப்டாப் முனகினால், அப்போது புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.